மரச்செக்குங்கிற வார்த்தை யாருக்குச் சொந்தமுங்க?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கமுங்க,

போன வாரம் நம்ம பேப்பர்ல சிறுதொழில் பண்றவங்களுக்கு யோசனைன்னு ஒரு கட்டுரை வந்துச்சு, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா அதுல ரெண்டு யோசனை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு போட்டிருந்தாங்க பாருங்க, அதைப் படிச்சதும்தான் இந்த லெட்டர் எழுதோணும்னு தோணுச்சு. ஒண்ணு, பேரைப் பார்த்ததுமே என்ன பொருள்னு வாங்குறவங்களுக்கு புரியோணுமாம். இன்னொண்ணு, பேரு வச்ச கையோட ட்ரேட்மார்க் பதிஞ்சிடோணுமாம். இந்த ரெண்டு மாட்டையும் ஒரே வண்டியில பூட்டினா ஆளுக்கொரு பக்கம் இழுக்குமுங்க. பார்த்ததும் புரியுற பேருக்கு பதிவு கிடைக்காது, பதிவு சுலபமா கிடைக்கிற பேரு பார்த்ததும் புரியாது. இதை நான் ஒரு தடவை 4,500 ரூபாய் ஃபீஸ் கட்டி தெரிஞ்சுக்கிட்டேன், ரெண்டாவது தடவை ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்து தெரிஞ்சுக்கிட்டேன்.

நாங்க காங்கேயம் பக்கத்துல செக்கு வச்சிருக்கோமுங்க. எங்க அப்பாரு காலத்துல மாடு சுத்துன செக்கு, இப்ப மோட்டார் ஓட்டுது, ஆனா செக்கு இன்னும் வாகை மரந்தான். கடலை, எள்ளு, கொப்பரை மூணும் ஆட்டுறோம், எள்ளுக்கு கருப்பட்டி போட்டுத்தான் ஆட்டுவோம். ரொம்ப நாளா டின்னு கொண்டு வர்றவங்களுக்கு ஊத்திக் குடுக்கிறதுதான் வியாபாரம், பேரு போர்டு எதுவும் கிடையாது, செக்குக்காரர் வீடுன்னா தெரியும். பையன் படிச்சுட்டு வந்ததுக்கு அப்புறம் பாட்டில்ல அடைச்சு லேபிள் ஒட்டி திருப்பூர் கோயம்புத்தூர் கடைகளுக்குப் போடலாம்னு ஆரம்பிச்சான். அதுக்கு பேரு வேணும்ல. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுட்டு வீட்டுல எல்லாரும் உக்காந்து யோசிச்சு யோசிச்சு வச்ச பேரு "சுத்தமான காங்கேயம் மரச்செக்கு எண்ணெய்". எங்களுக்கு ஒரே சந்தோஷம், இதைவிட தெளிவா ஒரு பேரு வைக்க முடியுமான்னு. ஈரோட்டுல ஒரு ஏஜென்ட் மூலமா சமையல் எண்ணெய் வர்ற 29-ஆம் கிளாஸ்ல அப்ளை பண்ணினோம். அந்த ஏஜென்ட் அப்பவே "அண்ணா, இது அப்ஜெக்ஷன் ஆகுங்க"ன்னு சொன்னாருங்க, நான்தான் கேக்கல.

எக்சாமினேஷன் ரிப்போர்ட் வந்துச்சு. 1999-ஆம் வருஷத்து ட்ரேட்மார்க் சட்டம் 9-வது பிரிவுன்னு போட்டிருந்துச்சு. பொருள் என்ன வகை, என்ன தரம், எவ்வளவு அளவு, எதுக்கு உபயோகம், எந்த ஊரு, எப்ப செஞ்சது, அதோட வேற தன்மை என்ன, இதைச் சொல்றதுக்கு வியாபாரத்துல புழங்குற வார்த்தை மட்டுமே இருக்கிற பேரை பதிய முடியாதுங்கிறதுதான் அந்தப் பிரிவு. எங்க பேரை எடுத்து வச்சு ஏஜென்ட் ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டினாரு. சுத்தமானங்கிறது தரம், அடிச்சாச்சு. காங்கேயம் ஊரு, அடிச்சாச்சு. மரச்செக்கு செய்முறை, அதையும் அடிச்சாச்சு. எண்ணெய்ங்கிறது பொருளே, அதைப் பத்தி பேச்சே இல்ல. நாலு வார்த்தை, நாலும் போச்சு, பேனாவால கோடு போட்ட அந்த பேப்பரை இன்னும் கல்லாவுல வச்சிருக்கேன்.

பையன் விடலை. ஸ்பெல்லிங்கை மாத்திடலாம், இங்கிலீஷ் எழுத்துல ரெண்டு எழுத்தை சேர்த்துப் போடலாம், ஒரு எழுத்தை விட்டுடலாம்னான். அதுவும் ஆகாதுன்னுட்டாங்க. இங்கிலீஷ் ஹிந்தி இல்லாத வார்த்தைன்னா உச்சரிப்பும் அர்த்தமும் அப்ளிகேஷன்லயே எழுதிக் குடுக்கோணும், அதனால தமிழ்ல ஒளிஞ்சுக்கவும் வழியில்ல. ஸ்பெல்லிங் மாத்தினாலும் காதுல விழுற அர்த்தம் அதேதான்ங்கிறதுக்கு ஏஜென்ட் சொன்ன உதாரணம் நம்ம எல்லார் போன்லயும் இருக்கிறது. போன்பே கம்பெனி, பாரத்பே கம்பெனி மேல டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போச்சுங்களே, அதுல 2021-ல கோர்ட்டு, "பே"ங்கிறது பணம் குடுக்கிறதைச் சொல்ற வார்த்தையோட வேற ஸ்பெல்லிங்தான், அந்த ஒரு துண்டை மட்டும் பிடிச்சுக்கிட்டு அடுத்தவங்களைத் தடுக்க முடியாதுன்னு இடைக்காலத் தடை குடுக்கல. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதின்னா செக்குக்காரன் ஒரு எழுத்தை மாத்தி என்ன ஆகப் போகுது.

ஒரே ஒரு வாசல் திறந்திருக்குன்னாரு. அந்த 9-வது பிரிவுலயே ஒரு விதிவிலக்கு இருக்கு, சாதாரண வார்த்தையா இருந்தாலும் அப்ளை பண்றதுக்கு முன்னாடியே நீங்க அதை உபயோகிச்சு உபயோகிச்சு, அந்த வார்த்தையைக் கேட்டா ஜனங்களுக்கு உங்க சரக்குதான் ஞாபகம் வருதுன்னு ஆயிடுச்சுன்னா பதிவு கிடைக்கும். சூப்பர் கப்னு ஒரு டீத்தூள் பேரு விஷயத்துல சுப்ரீம் கோர்ட்டே 2004-ல இதைச் சொல்லியிருக்கு, விவரிக்கிற பேரா இருந்தாலும் ரெண்டாவது ஒரு அர்த்தம் ஏறிட்டா பாதுகாப்பு உண்டுன்னு. ஆனா அதை நிரூபிக்க வருஷக்கணக்கா பில்லு, விளம்பரம், விற்பனைக் கணக்கு, அஃபிடவிட் எல்லாம் வேணும். நாங்க பாட்டில் போட்டு அப்ப எட்டு மாசம். எட்டு மாசத்துல மரச்செக்குன்னா எங்க வீடுதான்னு சொன்னா எங்க ஊர் டீக்கடையிலயே சிரிப்பாங்க. அதனால ரிப்போர்ட்டுக்கு பதில் போடாம விட்டுட்டோம், அப்ளிகேஷன் அதோட போச்சு.

அப்ப எனக்கு செம கோபமுங்க. தமிழ்ல, உள்ளதை உள்ளபடி சொல்ற மாதிரி பேரு வச்சா அது ஒரு குத்தமா, அர்த்தமே இல்லாத பேரு வச்சவனுக்கு கூப்பிட்டு சர்டிபிகேட் குடுக்கிறாங்களேன்னு யார் வந்தாலும் புலம்பிட்டு இருந்தேன். அந்தக் கோபம் எப்ப போச்சுன்னா ரெண்டு வருஷம் கழிச்சு அந்த நோட்டீஸ் வந்த அன்னிக்கு.

ரிஜிஸ்டர் தபால்ல வந்துச்சு, நாலு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். வேற ஊர்ல இருக்கிற ஒரு எண்ணெய் கம்பெனி, பேரு எதுக்கு, விடுங்க. அவங்க லேபிளுக்கு பதிவு இருக்காம், அதுல "மரச்செக்கு"ன்னு இருக்காம், அதனால நாங்க எங்க லேபிள்ல இருந்து மரச்செக்குங்கிற வார்த்தையை 15 நாள்ல எடுக்கோணும், இருக்கிற ஸ்டாக்கை அழிக்கோணும், நஷ்ட ஈடும் குடுக்கோணும். படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டேன். செக்கு அந்தப் பக்கம் கரகரன்னு சுத்திட்டு இருக்கு, நான் ஆட்டுறதே மரச்செக்குல, அதை மரச்செக்குன்னு சொல்லக் கூடாதுன்னா வேற என்னன்னுதான் சொல்றது. உணவுப் பாதுகாப்பு சட்டப்படி லேபிள்ல பொருளோட பேரை எழுதியே ஆகோணும், எழுதலைன்னா அவங்க வந்து ஃபைன் போடுவாங்க, நாளைக்கு இன்னொருத்தன் வந்து நல்லெண்ணெய்ங்கிற வார்த்தையும் என்னோடதுன்னா எதை எழுதறது.

அன்னிக்குத்தான் எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி புரிஞ்சுது. எங்க பேரை அந்த ஆபீஸ் பதிஞ்சு குடுத்திருந்தா இதே மாதிரி நோட்டீஸை நான் அடுத்தவனுக்கு அனுப்பியிருப்பேன். அனுப்பாம இருந்திருப்பேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

ஏஜென்ட் ஆன்லைன்ல அந்தப் பதிவு நம்பரைப் போட்டுப் பார்த்தாரு. பார்த்தா அவங்களுக்கு பதிஞ்சு குடுத்தது ஒரு லேபிள் படமுங்க, கம்பெனி பேரு பெருசா, ஒரு கோலம், ஒரு செக்கு படம், அதுக்குக் கீழ சின்ன எழுத்துல மரச்செக்கு எண்ணெய். மொத்தமா அந்த லேபிள் அவங்களுக்குச் சொந்தம், சரி. ஆனா லேபிளுக்குள்ள இருக்கிற பொது வார்த்தைக்கு தனி உரிமை கிடையாதுன்னு அதே சட்டத்தோட 17-வது பிரிவு சொல்லுது. அதுக்கு மேல 30-வது பிரிவு, இன்னொருத்தர் தன்னோட சரக்கு என்ன வகை, என்ன தரம், எந்த ஊருன்னு சொல்றதுக்காக ஒரு வார்த்தையை உபயோகிச்சா அது மீறலே இல்லைங்குது. பதிவு பண்ண பேரா இருந்தாலும் இதே கதைதான். வக்கீல் இந்த ரெண்டு பிரிவையும் போட்டு ஒரு பக்கத்துல பதில் அனுப்பினாரு, கூடவே சும்மா மிரட்டினா 142-வது பிரிவுல நாங்களும் கேஸ் போட்டு அந்த மிரட்டலுக்கு தடை கேக்கலாம்னு கடைசியில ஒரு வரி. அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துல இருந்து ஒரு சத்தமும் இல்ல, இன்னிக்கு வரைக்கும் இல்ல.

ஆனா எங்களுக்கு வந்த அதே நோட்டீஸ் வெள்ளக்கோவில் பக்கம் ஒரு அம்மாவுக்கும் போயிருக்கு. வீட்டுக்காரர் இல்ல, ரெண்டு ஆளை வச்சு சின்னதா ஒரு செக்கு ஓட்டுறாங்க. அவங்க யார்கிட்டயும் கேக்காம ரோல் ரோலா இருந்த லேபிளை அடுப்புல போட்டுட்டு "பாரம்பரிய எண்ணெய்"னு புதுசா அடிச்சுட்டாங்க. கடைக்காரங்க இது செக்கு எண்ணெய்தானா இல்லையான்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்களாம். ஏனுங்க அம்மிணி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னா, "கோர்ட்டு கச்சேரின்னா பயமா இருந்துச்சுங்க"ன்னாங்க. சட்டம் அவங்க பக்கம் இருந்தும் நஷ்டம் அவங்களுக்குத்தான்.

கோர்ட்டுக்குப் போனா என்ன ஆகும்னு நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் கேஸ்களையே பார்க்கலாம். நூடுல்ஸ் பாக்கெட் கேஸ் ஞாபகம் இருக்குங்களா. ஐடிசி கம்பெனி யிப்பி நூடுல்ஸை 2010-ல கொண்டு வந்து அதுல "மேஜிக் மசாலா"ன்னு போட்டாங்க, 2013-ல நெஸ்லே அவங்க மேகியில "மேஜிகல் மசாலா"ன்னு போட்டாங்க. ஐடிசி கேஸ் போட்டாங்க. ரெண்டுமே மலை மாதிரி கம்பெனி, பணத்துக்குப் பஞ்சம் இல்ல, தீர்ப்பு வர 2020 ஆச்சு. மேஜிக்ங்கிறது சரக்கைப் புகழ்ற வார்த்தை, மசாலாங்கிறது எல்லாருக்கும் பொது, இதை ஒருத்தரே வச்சுக்க முடியாதுன்னு கேஸ் தள்ளுபடி. ஏழு வருஷமுங்க. நூடுல்ஸ் ரெண்டு நிமிஷம், கேஸ் ஏழு வருஷம்னு பையன் சொல்லிச் சிரிப்பான்.

அதுக்கும் முன்னாடி 2010-ல ஒரு கேஸ். கல்யாண வெப்சைட் நடத்துற சென்னைக் கம்பெனி, பாரத்மேட்ரிமோனி, தமிழ்மேட்ரிமோனி, தெலுங்குமேட்ரிமோனி எல்லாம் எங்க பேரு, கூகுள்ல அந்த வார்த்தையைத் தேடினா போட்டிக்காரங்க விளம்பரம் வருதுன்னு கூகுள் மேலயும் போட்டிக் கம்பெனிகள் மேலயும் போனாங்க. பேரு பதிவாகித்தான் இருந்துச்சு. இருந்தும் தமிழ், மேட்ரிமோனி ரெண்டுமே அந்தத் தொழிலைச் சொல்ற வார்த்தைங்க, வரன் பார்க்கிற வேறொருத்தர் அந்த வார்த்தை இல்லாம எப்படி விளம்பரம் பண்ணுவாருன்னு பார்த்து இடைக்காலத் தடை குடுக்க மறுத்துட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, தமிழ்ங்கிற வார்த்தையையும் கல்யாணங்கிற வார்த்தையையும் சேர்த்து எழுதினா அது ஒருத்தரோடதுன்னு ஆயிருந்தா கல்யாண புரோக்கர் எல்லாம் என்னன்னு போர்டு வைக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்ப்புன்னா சுகர் ஃப்ரீ கேஸ்தான். ஷுகர் இருக்கிறவங்க டீயில போட்டுக்கிற மாத்திரை, அந்தக் கம்பெனி ரொம்ப நாளா அந்தப் பேருல வித்து ஜனங்க மனசுல பதிய வச்சுட்டாங்க, அது நிஜம். அமுல்காரங்க ஃப்ரோசன் டெஸர்ட் டப்பாவுல சுகர் ஃப்ரீன்னு போட்டதும் டெல்லி ஹைகோர்ட்டுல கேஸ். 2008-ல கோர்ட்டு என்ன சொல்லுச்சுன்னா, சர்க்கரை இல்லைன்னு சொல்ற உரிமை எல்லாருக்கும் உண்டு, அமுலும் சொல்லிக்கலாம், ஆனா டப்பாவுல அந்த வார்த்தையை அவ்வளவு பெருசா, பிராண்டு மாதிரி எடுப்பா போடக் கூடாது, எழுத்தைச் சின்னதாக்குங்க. பாருங்க, ரெண்டு பக்கத்து நியாயமும் அதுல இருக்கு. விளக்கமா சொல்லிக்கோ, பேரா வச்சுக்காத. எங்க லேபிள்லயும் அதைப் பார்த்துத்தான் மாத்தினோம், மரச்செக்குங்கிறதை நடுவுல இருந்து கீழ இறக்கி எழுத்தைச் சின்னதாக்கிட்டோம்.

பேரு வைக்கிறதுல விவரமானவங்க எப்படி வச்சிருக்காங்கன்னு நம்ம சமையக்கட்டுலயே தெரியும். நல்லெண்ணெய் விக்கிறவங்க இதயம்னு வச்சாங்க, எள்ளுன்னு வைக்கல. எங்க ஈரோட்டு மசாலா கம்பெனி சக்தின்னு வச்சாங்க, மிளகாய்ப்பொடின்னு வைக்கல. திண்டுக்கல்ல நாயுடு ஒருத்தர் தலைப்பாக்கட்டோட பிரியாணி வித்தாரு, தலைப்பாக்கட்டுக்கும் அரிசிக்கும் கறிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அதனாலதான் அந்தப் பேரு அவ்வளவு கெட்டி. புதுசா கேட்கும்போது இதென்ன பேருன்னு தோணும், பத்து வருஷம் ஓட்டினா பேருக்கே ஒரு வாசம் வந்துடும். (ரொம்பவே ஓட்டிட்டா அதுவும் ஆபத்துங்கிறாங்க, ஜெராக்ஸ் கம்பெனிக்காரங்க நம்ம ஊர் "ஜெராக்ஸ் கடை" போர்டை எல்லாம் பார்த்தா மயக்கம் போட்டுடுவாங்க. வனஸ்பதின்னு எங்க வீட்டுல ஒருத்தரும் சொன்னதில்ல, எந்தக் கம்பெனியா இருந்தாலும் டால்டாதான்.)

ஊர் பேரை விட மனசில்லாதவங்களுக்கு வேற வழி இருக்கு, புவிசார் குறியீடு. அந்த ஆபீசும் ட்ரேட்மார்க் ஆபீசும் கிண்டியில ஒரே கட்டடந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல கிடைச்சுது, கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல, மணப்பாறை முறுக்குக்கு 2023-ல. ஆனா அது ஒரு ஆளுக்குச் சொந்தம் இல்ல, அந்த ஊர்ல முறைப்படி அதைச் செய்றவங்க எல்லாருக்கும் சேர்ந்தது. எனக்கு இதுதான் சரின்னு படுது, ஊர் பேருன்னா ஊருக்குத்தான்.

இப்ப நான் கேக்கிறது ஒண்ணுதானுங்க. 1958-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்துல டிஸ்க்ளெய்மர்னு ஒண்ணு இருந்துச்சு. லேபிளைப் பதியும்போதே "இதுல இன்ன வார்த்தைக்கு இவருக்குத் தனி உரிமை இல்லை"ன்னு எழுதி வாங்கிக்க அதிகாரிக்கு வழி இருந்துச்சு. 1999 சட்டத்துல அதை எடுத்துட்டு, பொது வார்த்தைக்கு உரிமை இல்லைன்னு 17-வது பிரிவுல பொதுவா எழுதி வச்சுட்டாங்க. சட்டம் படிச்சவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வெள்ளக்கோவில் அம்மாவுக்கு ஒண்ணு இல்லைங்க. நோட்டீஸோட வர்ற சர்டிபிகேட் காப்பியில "மரச்செக்கு எண்ணெய் என்ற சொற்களுக்குத் தனி உரிமை இல்லை"ன்னு ஒரு வரி இருந்திருந்தா அவங்க லேபிளை எரிச்சிருக்க மாட்டாங்க, நோட்டீஸ் அனுப்புனவங்களும் அனுப்பியிருக்க மாட்டாங்க. அந்த ஒரு வரியைத் திரும்பக் கொண்டு வந்தா கவர்மெண்ட்டுக்கு என்ன செலவு?

அது வர்ற வரைக்கும் நாமளும் கொஞ்சம் முழிச்சிருக்கோணும். வாராவாரம் திங்கக்கிழமை ட்ரேட்மார்க் ஜர்னல் ஆன்லைன்ல வருது, யாரு வேணும்னாலும் பார்க்கலாம். அதுல வந்த நாளில இருந்து நாலு மாசத்துக்குள்ள யாரு வேணும்னாலும் ஆட்சேபம் பண்ணலாம். எங்க எண்ணெய் வியாபாரிகள் மீட்டிங்ல இதைச் சொன்னேன், ஒருத்தர் பொறுப்பெடுத்து 29-ஆம் கிளாஸை மட்டுமாவது பார்த்து வாட்ஸ்அப் குரூப்புல போடலாமுங்கன்னு. எல்லாரும் நல்ல யோசனைன்னாங்க, பொறுப்பை என் தலையிலயே கட்டிட்டாங்க. பையன்தான் பார்க்கிறான். நம்ம பேப்பர்லயும் அந்தக் கட்டுரை எழுதினவரை விட்டே இந்த ரெண்டு யோசனையையும் பிரிச்சு இன்னொரு தடவை விளக்கி எழுதச் சொன்னா நல்லா இருக்கும்.

எங்க பேரு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அப்பாரு காலத்துல செக்கு சுத்துன ஒரு மயிலைக் காளை இருந்துச்சு, வீட்டுல அதைக் கூப்பிட்ட செல்லப் பேரு ஒண்ணு உண்டு, அதையே எண்ணெய்க்கு வச்சு அப்ளை பண்ணியிருக்கோம். இங்க எழுதினா விளம்பரம் மாதிரி ஆயிடும், விட்டுடறேன். எண்ணெய்க்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாததால இந்தத் தடவை அப்ஜெக்ஷன் வரல, ஜர்னல்ல வந்து ரெண்டு மாசம் ஆச்சு. டின்னு தூக்கிட்டு வர்றவங்க மட்டும் லேபிளைப் பார்த்துட்டு "இதென்னங்க மாட்டுப் பேரு, செக்கெண்ணெய்தானுங்களே இது?"ன்னு கேக்கிறாங்க.

இப்படிக்கு,
செக்கு எண்ணெய் வியாபாரி ஒருவர்,
காங்கேயம்.